இது வைரஸா, விண்டோஸ் ஃபைலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ரிச்சி தெருவுக்குப் பின்பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். "சார், இந்தப் பேர்ல ஒண்ணு ஓடுது, இது வைரஸா?" என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வராத நாள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிய பதில்களைச் சேர்த்து, விட்டுப்போனதையும் எழுதி இங்கே வைக்கிறேன். எல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ஃபைல் பெயர்களை உச்சரிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன், உங்கள் திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எஸ்விசிஹோஸ்ட் என்று அறுபது எழுபது ஓடுகிறது. இத்தனை இருந்தால் வைரஸ்தானே?

இல்லை. வைஃபை, ஒலி, அப்டேட், கடிகார நேரத்தைச் சரிசெய்வது என்று விண்டோஸ் பின்னணியில் செய்கிற வேலைகளில் பல, டிஎல்எல் வகை ஃபைல்களாக இருக்கின்றன. டிஎல்எல் தானாக ஓடாது, அதை ஏற்றி ஓட்ட வேறொரு புரோகிராம் வேண்டும், அந்த வேலையைத்தான் எஸ்விசிஹோஸ்ட் செய்கிறது. முன்பெல்லாம் ஒரே எஸ்விசிஹோஸ்டுக்குள் பல சேவைகள் கூட்டுக்குடித்தனம் நடத்தின, ஒன்று விழுந்தால் கூட இருந்ததும் சேர்ந்து விழும். 2017-ல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து, ராம் 3.5 ஜிபிக்கு மேல் இருக்கிற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சேவைகளைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். அதனால்தான் எண்ணிக்கை இவ்வளவு ஏறியது.

இவற்றில் போலி ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் என்பதில் இமேஜ் பாத் நேம், கமாண்ட் லைன் இரண்டையும் டிக் செய்யுங்கள். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓடும், அதன் கமாண்ட் லைனில் ஒரு மைனஸ் குறியும் கே என்ற ஆங்கில எழுத்தும் அதற்குப் பின்னால் சேவைக் குழுவின் பெயரும் இருக்கும். அந்த கே இல்லாமல் மொட்டையாக ஒன்று ஓடினால் அதைப் பிடித்து விசாரியுங்கள். நான் அதிகம் பயன்படுத்துகிற ஒரே சோதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாதா?

ஓரளவு முடியும். எழுத்தை மாற்றி ஏமாற்றுவது பழைய வித்தை. எஸ், வி, சி என்று தொடங்க வேண்டியதை எஸ், சி, வி என்று மாற்றிப் போடுவார்கள், அவசரத்தில் கண் அதைச் சரியாகவே படித்துவிடும். எல்சாஸ் இன்னும் மோசம். பாஸ்வேர்டைச் சரிபார்த்து உங்களை உள்ளே விடுகிற விண்டோஸ் புரோகிராம் அது. அதன் முதல் எழுத்து சிறிய எல். அந்த இடத்தில் பெரிய ஐ போட்டால் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே செங்குத்துக் கோடாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் அந்தப் பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, எழுத்துருவைக் கூரியர் நியூ என்று மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சிறிய ஆர், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒட்டி நின்று எம் மாதிரி தெரிவதும் இதே வகை.

ஆனால் எழுத்துப் பிழையே இல்லாமல், அச்சு அசலாக அதே பெயரிலும் வைரஸ் வரலாம். ஒரே ஃபோல்டருக்குள்தான் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கக் கூடாது, வேறு ஃபோல்டரில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் பெயர் பார்த்த கையோடு முகவரியும் பார்க்க வேண்டும்.

எந்த ஃபைல் எங்கே இருக்க வேண்டும்?

எஸ்விசிஹோஸ்ட், எல்சாஸ், சிஎஸ்ஆர்எஸ்எஸ், வின்லாகான், சர்வீசஸ், வின்இனிட் எல்லாம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற சிஸ்டம்32-ல் இருக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரர் மட்டும் விதிவிலக்கு, அது ஒரு படி வெளியே, நேராக விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ஓப்பன் ஃபைல் லொக்கேஷன் கொடுத்தால் அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகும்.

சிஸ்வாவ்64 என்று ஒரு ஃபோல்டரைப் பார்த்து, பெயர் விநோதமாக இருக்கிறதே என்று பயந்து கூப்பிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். 64 பிட் விண்டோஸில் பழைய 32 பிட் புரோகிராம்களுக்காக வைத்திருக்கிற ஃபோல்டர் அது. அங்கேயும் எஸ்விசிஹோஸ்டின் 32 பிட் பிரதி ஒன்று இருக்கும், அதுவும் ஒரிஜினல்தான்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் ஆப்டேட்டா, டெம்ப், டவுன்லோட்ஸ், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற பப்ளிக், அப்புறம் புரோகிராம்டேட்டா. காரணம் எளிது. சிஸ்டம்32-க்குள் எழுத அட்மின் அனுமதி வேண்டும், இங்கெல்லாம் சாதாரண யூசராகவே எழுதலாம், ஆகவே திருட்டு புரோகிராம் முதலில் ஒதுங்குவது இங்கேதான். ஆனால் ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் வைரஸ் என்று நினைத்துவிடாதீர்கள், ஜூம், டிஸ்கார்ட் போன்ற நல்ல புரோகிராம்களும் அங்கேதான் இன்ஸ்டால் ஆகின்றன. ஆப்டேட்டாவுக்குள் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் ஒன்று உட்கார்ந்திருந்தால் மட்டும் அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

டிஜிட்டல் கையெழுத்து என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

ஃபைலை யார் தயாரித்தார்கள், பிறகு யாரும் அதை மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை அது. பார்க்க, ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். அங்கே மைக்ரோசாஃப்ட் பெயர் இருந்து, டீடெய்ல்ஸ் அழுத்தினால் கையெழுத்து சரி என்று வர வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற டிஸ்கிரிப்ஷன், கம்பெனி போன்றவற்றை யார் வேண்டுமானாலும் இஷ்டத்துக்கு நிரப்பலாம், அதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. சில ஒரிஜினல் விண்டோஸ் ஃபைல்களில் அந்தப் பகுதியே தெரியாது. கையெழுத்து அந்த ஃபைலுக்குள் இல்லாமல் கேட்டலாக் என்ற தனி ஃபைலில் இருக்கும், பிராப்பர்ட்டீஸ் அதைக் காட்டாது. அதைப் பார்த்துவிட்டு நோட்பேடே வைரஸ் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. இதற்கு மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கிற பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் நல்லது, இலவசம், இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். ஆப்ஷன்ஸ் மெனுவில் வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ் கொடுத்தால் ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் கையெழுத்து, சரியா இல்லையா என்று வந்துவிடும்.

கையெழுத்து சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

வேண்டாம். 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் திரிந்ததே ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் கம்பெனிகளின் திருடப்பட்ட கையெழுத்தோடுதான். 2017-ல் கம்ப்யூட்டரில் குப்பை ஃபைல்களைச் சுத்தம் செய்கிற சிசிளீனர் புரோகிராமின் 5.33 பதிப்பை, அதைத் தயாரிக்கிற இடத்திலேயே புகுந்து கெடுத்துவிட்டார்கள். கையெழுத்து உண்மை, டவுன்லோட் செய்த தளமும் உண்மை, உள்ளே இருந்தது மட்டும் விஷம், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அது போய் உட்கார்ந்தது. இதெல்லாம் அபூர்வம்தான். உங்கள் வீட்டு லேப்டாப்பில் ஒரு ஃபைல் சரியான இடத்தில், சரியான கையெழுத்தோடு இருந்தால் அது நல்லதாக இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். கையெழுத்து ஒரு சாட்சி, அதோடு மற்ற சாட்சிகளையும் கேளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்தேன், பென் டிரைவில் இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. ஃபைல்கள் போய்விட்டனவா?

போகவில்லை. தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள், இந்த ஒரு பதிலையாவது முழுசாகப் படியுங்கள்.

போன வருடம் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற ஒரு தம்பி வந்தார். பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் ஒரு கடையில் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்திருக்கிறார், அறைக்கு வந்து செருகினால் மூன்று வருடம் சேர்த்த நோட்ஸ் ஃபோல்டர்கள் எல்லாவற்றிலும் மூலையில் சின்ன அம்புக்குறி, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபி. "அண்ணா, எல்லாம் போச்சு" என்று கை நடுங்க நீட்டினார். பென் டிரைவின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து காட்டினேன். 16 ஜிபியில் 11 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டியது. ஃபைல்கள் போயிருந்தால் அந்த 11 ஜிபி எங்கிருந்து வரும்?

அடுத்து ஒரு ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாமல், ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய், டார்கெட் என்ற பெட்டிக்குள் கர்சரை வைத்து எண்ட் கீயை அழுத்தினேன். ஒரு ஃபோல்டரின் ஷார்ட்கட் என்றால் அங்கே ஃபோல்டரின் பாதை மட்டும் இருக்க வேண்டும். இங்கே கட்டளைகளை ஓட்டுகிற சிஎம்டியைக் கூப்பிட்டு, அது ஸ்கிரிப்ட் எனும் கட்டளைத் தொகுப்புகளை ஓட்டுகிற டபிள்யூஸ்கிரிப்ட்டைக் கூப்பிட்டு, அது பென் டிரைவில் மறைந்திருந்த ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட் ஃபைலை ஓட்டி, கடைசியில் ஒரிஜினல் ஃபோல்டரையும் திறந்துவிடுகிற மாதிரி நீளமாக ஒரு கட்டளை. ஃபோல்டர் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது, அதற்குள் வைரஸ் உங்கள் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும்.

ஒரிஜினல் ஃபோல்டர்கள் அங்கேயேதான் இருக்கும், ஹிட்டன், சிஸ்டம் என்ற இரண்டு அடையாளங்களைப் போட்டு மறைத்திருப்பார்கள். எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதை டிக் செய்து, ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ் என்பதில் டிக்கை எடுங்கள். எல்லாம் மங்கலாகத் தெரியும். சில வகைகளில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து, அதற்குள் மொத்தத்தையும் தள்ளியிருப்பார்கள். டாக்குமெண்ட், படம் போன்றவற்றை மட்டும் நகலெடுங்கள், ஷார்ட்கட்டையும் ஸ்கிரிப்ட்டையும் தொடாதீர்கள். அந்தத் தம்பியின் நோட்ஸ் அத்தனையும் கிடைத்தது, அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதைப் பார்த்தபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது.

டிக்கை எடுத்ததும் டெஸ்க்டாப்பில் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்று ஒன்றோ இரண்டோ திடீரென முளைக்கும். அது விண்டோஸ் எப்போதும் வைத்திருப்பது, வைரஸ் இல்லை. வேலை முடிந்ததும் டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது அந்த ஒரு பிடிஎஃப்பை மட்டும் போட்ட தனி பென் டிரைவ் எடுத்துப் போங்கள், அல்லது மெயிலில் அனுப்பி பிரிண்ட் எடுங்கள். மூன்று வருட உழைப்பைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு எல்லாக் கடைக் கம்ப்யூட்டரிலும் செருகுவது எனக்கு மனசுக்கே ஒப்பவில்லை.

பிடிஎஃப் என்றுதான் இருந்தது, திறந்ததும் கருப்புப் பெட்டி ஒன்று வந்து போனது. எப்படி?

ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வருகிற வகைக் குறிதான் எக்ஸ்டென்ஷன், பழக்கமானவற்றை விண்டோஸ் மறைத்து வைக்கும். பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ என்று ஒரு ஃபைல் வந்தால் இது ஓடுகிற புரோகிராம் என்று காட்டும் கடைசி இஎக்ஸ்இ மறைந்து, பில் டாட் பிடிஎஃப் என்று மட்டும் தெரியும், ஐகானையும் பிடிஎஃப் மாதிரியே வைத்துவிடுவார்கள். 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த ஐ லவ் யூ வைரஸ் இதே முறையில் டிஎக்ஸ்டி என்று வேஷம் போட்ட விபிஎஸ். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் இது வேலை செய்கிறது. அதே வியூ பகுதியில் ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக்கை எடுங்கள், இதைத் திரும்பப் போட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

சந்தேகமாக ஒரு ஃபைல் கிடைத்தது. உடனே டெலீட் செய்துவிடலாமா?

கூடாது. இந்த அவசரத்தால் வந்த சேதத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2002-ல் ஒரு மெயில் உலகம் முழுக்கச் சுற்றியது. கரடி பொம்மை ஐகானோடு ஒரு ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா, அது வைரஸ், ஆன்டிவைரஸால் பிடிக்க முடியாது, உடனே அழித்துவிட்டு எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று. தேடினால் கரடி நிஜமாகவே இருந்தது, ஏனென்றால் ஜாவா சம்பந்தமாக மைக்ரோசாஃப்ட்டே வைத்த ஃபைல் அது. மக்கள் தங்கள் கையாலேயே விண்டோஸ் ஃபைலை அழித்தார்கள். இன்று அதே மாதிரிச் செய்திகள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருகின்றன.

சந்தேகமான ஃபைலின் இடம், கையெழுத்து, தேதி மூன்றையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆன்டிவைரஸ் கேட்டால் குவாரன்டைன் கொடுங்கள். அது ஃபைலை அடைத்து வைக்கும், தப்பாகப் பிடித்திருந்தால் வெளியே எடுத்துவிடலாம்.

ஆன்டிவைரஸே வைரஸ் என்று சொன்னால் நம்பலாம்தானே?

பெரும்பாலும். ஆனால் 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் ஒரிஜினல் எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்து ஒதுக்கிவிட்டது. ஆபீஸ் ஆபீஸாகக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. சிஸ்டம்32-க்குள் இருக்கிற, மைக்ரோசாஃப்ட் கையெழுத்து சரியாக இருக்கிற ஃபைலைப் பிடித்தால் ஒரு நிமிடம் நிதானித்து, இரண்டாவது கருத்து கேளுங்கள்.

அந்த இரண்டாவது கருத்துக்கு வைரஸ்டோட்டல் நல்லது. கூகுளுக்குச் சொந்தமான தளம், ஒரு ஃபைலை எழுபது போல ஆன்டிவைரஸ்களிடம் காட்டிக் கேட்கும். பிரபலமில்லாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் தப்பெச்சரிக்கையாக இருக்கலாம், பேர் தெரிந்த பெரியவை பத்துப் பதினைந்து ஒன்றாகச் சொன்னால் தயங்காதீர்கள். எல்லாமே பச்சை காட்டினாலும் நேற்றுப் பிறந்த வைரஸாக இருந்தால் இன்னும் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஒரு முக்கியமான விஷயம், அங்கே ஏற்றுகிற ஃபைல் மற்றவர்கள் கைக்கும் போகும். ஆதார் நகல், சம்பளப் பட்டியல், கிளையன்ட் கணக்கு எதையும் ஏற்றாதீர்கள்.

சி டிரைவில் பேஜ்ஃபைல், ஹைபர்ஃபில் என்று பல ஜிபிக்கு மர்ம ஃபைல்கள் இருக்கின்றன.

மர்மம் இல்லை. முதலாவது ராம் நிரம்பும்போது உதவுவது, இரண்டாவது ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருப்பதை அப்படியே வைத்துக் கம்ப்யூட்டரை அணைக்கும்போது, ராமில் இருப்பதை எழுதி வைப்பது. விட்டுவிடுங்கள். விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கிற வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரும் அப்படித்தான், கையால் எதையும் அழிக்கக் கூடாது.

விண்டோஸ் ஆக்டிவேட் செய்ய ஒரு இலவச டூல் கொடுத்தார்கள். ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்கிறது, தப்பெச்சரிக்கை என்கிறார்கள். சரியா?

ஆன்டிவைரஸை ஆஃப் செய் என்று சொல்கிற எதையும் ஓட்டாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கிற வைரஸை ரேன்சம்வேர் என்பார்கள், அதில் ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்கிற குடும்பம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆக்டிவேட்டர், லைசென்ஸ் பூட்டை உடைக்கிற கிராக் வழியாகவே பரவியது. பாரிமுனையில் கணக்கு எழுதுகிற ஒரு பெரியவர், யாரோ போட்டுக்கொடுத்த கிராக்கால் தன்னிடம் இருந்த அத்தனை கடைகளின் டேலி டேட்டாவையும் இழந்தார், பேக்கப்பும் அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில்தான் இருந்தது. ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய வாரம். பில்களை எடுத்து வைத்து முதலிலிருந்து எழுதினார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

எல்லா ஃபைலும் ஒரிஜினல்தான், ஆனாலும் ஏதோ நடக்கிறது. அப்படி இருக்குமா?

இருக்கும். கட்டளைகளையும் ஸ்கிரிப்ட்களையும் டிஎல்எல்களையும் ஓட்டுகிற பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32, எம்எஸ்எச்டிஏ எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஃபைல்களே. அவற்றைக் கையாளாக வைத்து வேலை வாங்குகிறவன்தான் திருடன். எனவே எந்த ஃபைல் ஓடுகிறது என்பதோடு, அதை யார் கூப்பிட்டார்கள், என்ன கட்டளையோடு என்று கேளுங்கள். வேர்ட் டாக்குமெண்ட் ஒன்றைத் திறந்ததும் வேர்டுக்குக் கீழே பவர்ஷெல் ஓடினால் அது சரியில்லை. பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் இந்த அப்பா பிள்ளை உறவு மரம் மாதிரி தெரியும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் திரும்ப வருகிறது என்றால் அதே தொகுப்பில் இருக்கிற, தானாகத் தொடங்குகிறவற்றைப் பட்டியலிடுகிற ஆட்டோரன்ஸை ஓட்டி, மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற டாஸ்க் ஷெட்யூலரில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வைத்திருப்பதைப் பலமுறை அங்கேதான் பிடித்திருக்கிறேன்.

போனில்?

வாட்ஸ்அப்பில் டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை, பேங்க் கேஒய்சி என்று வருகிற ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை இன்ஸ்டால் செய்கிற ஃபைல், எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். அபராதமோ பத்திரிகையோ ஏபிகேயாக வராது.

வைரஸ் என்று உறுதியாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேண்டிய டாக்குமெண்ட், போட்டோக்களை மட்டும் வெளியே எடுங்கள், இஎக்ஸ்இ எதையும் எடுக்க வேண்டாம், அந்த டிரைவை வேறெங்கும் செருகும் முன் ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதும் மாட்டும். சுத்தமானதும், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளையை ஓட்டினால் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களுக்குப் பதில் நல்ல பிரதியை அதுவே வைக்கும்.

பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ செய்யுங்கள். மெயில் முதலில், பேங்க் அடுத்து, பிறகு மற்றவை. பணம் போயிருந்தால் சர்வீஸ் கடைக்கு வருவதற்கு முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. கடைக்குக் கொண்டுபோனால், "டேட்டாவை எடுத்துக் காட்டிய பிறகுதான் ஃபார்மட்" என்று முதலிலேயே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.